மழைநீர் வடிகால்: சென்னை வீட்டுக்கும் கடைக் கட்டடத்துக்கும் முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். அந்த மாதங்களிலும் தினமும் சீராகப் பெய்வதில்லை. சில நாட்களில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. 2021 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் ஒரே இரவில் 20 செ.மீ.க்கு மேல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது.

ஊர் தட்டையான நிலம். தெருவோர வடிகால்கள் கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் கொசஸ்தலையாற்றிலும் போய் விழுகின்றன. ஆறு நிரம்பி ஓடும்போதோ, கடலில் அலை ஏற்றம் இருக்கும்போதோ, வடிகால் சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் இழுக்காது. அதனால் மாநகராட்சி வடிகாலை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும், வெளியே போக வழியில்லாத சில மணி நேரம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இருக்கும். அந்த நேரத்தில் உங்கள் மனையில் விழும் மழை எங்கே இருக்கும், எந்த வழியாகப் போகும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி) இருக்கும் தனி வீடு, நான்கைந்து வீடுகள் உள்ள சின்ன அடுக்ககம், கீழே கடையும் அதற்கும் கீழே வண்டி நிறுத்துமிடமும் உள்ள வணிகக் கட்டடம் ஆகிய மூன்றையும் மனதில் வைத்து எழுதுகிறேன். உடைத்துக் கட்டும் வேலைகளைப் பங்குனியில் தொடங்கி ஆடிக்குள் முடித்துவிடுவது நல்லது. புரட்டாசியில் மேஸ்திரியும் கிடைக்க மாட்டார், பூசிய சிமென்ட் ஆறவும் நேரம் இருக்காது.

படி 1: மட்டம் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இதைச் செய்யாமல் போட்ட குழாய்கள்தான் மழைக்காலத்தில் தண்ணீரை உள்ளே அழைத்து வருகின்றன.

முதலில் ஒரு தாளில் மனையை வரையுங்கள். மாடியில் தண்ணீர் இறங்கும் வாய்கள், கீழே வரும் குழாய்கள், கழிவுநீர் சேம்பர்கள் (குழாய்கள் வந்து சேரும், மூடி போட்ட தொட்டிகள்), சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி), கிணறு, கேட், தெரு வடிகால் எல்லாவற்றையும் குறியுங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மாலையில் இடியுடன் பெய்யும் மழை இதற்கு நல்ல ஒத்திகை. குடை பிடித்துக்கொண்டு மனையைச் சுற்றி ஒரு நடை நடந்தால் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, பக்கத்து மனையிலிருந்து எங்கே வருகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

அடுத்தது மட்டம். மேஸ்திரிகள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். முப்பது அடி நீளத்துக்கு ஒரு தெளிவான பிளாஸ்டிக் டியூப் வாங்கி, குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். குமிழி ஒன்று உள்ளே நின்றாலும் மட்டம் தப்பாகக் காட்டும், அதனால் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர் ஒரு முனையைக் கேட் தூணில் பிடிக்க, மற்றவர் அடுத்த முனையை வீட்டுச் சுவரில் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு. அந்தக் கோட்டிலிருந்து கீழே தரை வரை டேப் வைத்து அளந்தால், எந்தத் தரை எவ்வளவு தாழ்வு என்று அங்குலக் கணக்கில் வந்துவிடும்.

இப்படி ஆறு மட்டங்களை எழுதி வையுங்கள்: தெருவின் நடுப்பகுதி, கேட் வாசல், தரைத்தளத் தளம், சம்ப் மூடி, கழிவுநீர் சேம்பர்களில் மிகத் தாழ்ந்ததின் மூடி, தெரு மழைநீர் வடிகாலின் அடித்தளம். கடைசி ஒன்றை, தெரு வடிகாலில் மண் தங்கும் வண்டல் தொட்டியின் மூடி திறந்திருக்கும்போது கோல் விட்டுப் பார்க்கலாம். நீங்களாகத் திறக்க வேண்டாம்.

கேட் வாசல் தெருவைவிட மேலே இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். தானாக வடியும் வழி உங்களுக்கு உண்டு. தெரு உங்கள் வாசலைவிட உயர்ந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச்சாலை போட்டுப் போட்டு, ஊரில் ஏராளமான பழைய வீடுகள் இப்படித் தாழ்ந்துவிட்டன. சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் சாலை போட வரும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள். தாழ்ந்த மனை என்றால் தெருத்தண்ணீரைத் தடுப்பது, உள்ளே விழுந்ததை மோட்டார் வைத்து வெளியேற்றுவது என இரண்டும் வேண்டும். அது படி 7இல்.

படி 2: எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போடுங்கள்

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். இந்த ஒரு வரி போதும்.

1,000 சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. பெய்தால் அந்த மாடியில் மட்டும் 9,300 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 155 லிட்டர். ஒரு கிரவுண்ட், 2,400 சதுர அடி, முழுக்க சிமென்ட் போட்ட மனை என்றால் அதே மழைக்கு 22,300 லிட்டர். தாம்பரத்தில் பெய்த 49 செ.மீ. மழையை ஒரு கிரவுண்டுக்குக் கணக்குப் போட்டால் 1,09,000 லிட்டர் வரும். கோடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்பது, ஒரே நாளில் உங்கள் காம்பவுண்டுக்குள் கொட்டியதற்குச் சமம்.

குழாய், வாய்க்கால் ஆகியவற்றை மணிக்கு 10 செ.மீ. என்ற வேகத்துக்குத் திட்டமிடுங்கள். அவ்வளவு வேகத்தில் மழை நீண்ட நேரம் பெய்வது அபூர்வம். ஆனால் அரை மணி நேரம் அப்படிப் பெய்தாலே சேதம் நடந்துவிடும்.

மண் தரை, தோட்டம், செடி இருக்கும் இடம் கணக்கில் பெரிய வித்தியாசம் காட்டும். சிமென்ட் தரையில் விழுவதில் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவிடுகிறது. செடி உள்ள மண்ணில் மழையின் முதல் பகுதியை மண்ணே குடித்துவிடும். 'சுத்தமாக இருக்கும்' என்று மனை முழுக்க சிமென்ட் போடுவதை நான் எப்போதும் தடுக்கிறேன். ஏற்கெனவே போட்டிருந்தால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு உடைத்து எடுத்தாலும் பயன் உண்டு. பேவர் பிளாக் போட்டால் தண்ணீர் இறங்கும் என்று நினைப்பவர்கள், அதற்குக் கீழே என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கீழே கான்கிரீட் என்றால் சிமென்ட் தரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. ஜல்லியும் மணலும் என்றால்தான் இறங்கும்.

படி 3: மொட்டை மாடி

மாடித் தளத்தின் வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) குறைந்தது 100க்கு 1 இருக்க வேண்டும். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம். மழை விட்ட மறுநாள் காலை மாடிக்குப் போய்ப் பாருங்கள். எங்காவது தண்ணீர் நின்றால் அங்கே வாட்டம் கெட்டிருக்கிறது. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தால் தட்டோடு பதிக்கும்போது சரிசெய்யலாம்.

நாலு அங்குலக் குழாய் ஒன்று 400 சதுர அடிக்கு. மணிக்கு 10 செ.மீ. மழைக்கு அதுதான் பாதுகாப்பான கணக்கு. 1,000 சதுர அடிக்கு மூன்று குழாய் வேண்டும். நிறைய வீடுகளில் ஒன்று அல்லது இரண்டுதான் இருக்கிறது. மாடி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இரண்டு குழாய்க்குக் குறைவாக வைக்காதீர்கள், ஒன்று அடைத்தால் இன்னொன்று வேண்டும்.

அடைப்பதைத் தடுப்பதற்கு ஒரு சின்ன மாற்றம் பெரிய பலன் தரும். தளத்தோடு தட்டையாகப் பதித்த வட்ட ஜாலியில் இரண்டு வேப்பிலைக் கொத்து வந்து படுத்தாலே வாய் மூடிவிடும். அதற்குப் பதிலாக மேலே குவிந்து நிற்கும் ஜாலி வையுங்கள். அடியில் இலை சேர்ந்தாலும் மேல் பகுதியில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். வாயைச் சுற்றி ஓரடிச் சதுரத்தை அரை அங்குலம் தாழ்த்திப் பூசச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல் வளைத்துப் பூச வேண்டும். ஓதம் முதலில் ஏறுவது அங்கேதான்.

எல்லா வாயும் அடைத்துவிட்டால்? கைப்பிடிச் சுவரில், தளத்துக்கு இரண்டு அங்குலம் மேலே, மூன்று அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றை வெளியே நீட்டி வையுங்கள். அது தெருவையோ உங்கள் சொந்த இடத்தையோ பார்த்து இருக்கட்டும், பக்கத்து வீட்டை அல்ல. அந்தத் துண்டில் தண்ணீர் வந்தால் மாடி அடைத்திருக்கிறது என்று கீழே இருப்பவருக்குத் தெரியும். இது அலங்காரத்துக்குச் சொல்வதில்லை. 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. தண்ணீர் தேங்கினால் அதன் எடை 9 டன்னுக்கு மேல். பழைய கட்டடத்துக்கு அந்தச் சுமை நல்லதல்ல.

தண்ணீர்த் தொட்டி, ஏசி வெளிப்பெட்டி, சோலார் பலகையின் கால்கள் எல்லாம் வாட்டத்துக்குக் குறுக்கே இருந்தால் அணை கட்டியது போல் நிற்கும். அவற்றின் அடியில் தண்ணீர் போக இடைவெளி விடச் சொல்லுங்கள். பொருத்த வருபவர்கள் தாங்களாக இதைக் கவனிக்க மாட்டார்கள்.

படி 4: மழைநீரையும் கழிவுநீரையும் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

சென்னையில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. கழிவுநீர்க் குழாய், வீடுகளிலிருந்து வரும் குளியல், சமையல், கழிப்பறைத் தண்ணீரை மட்டும் கணக்கில் வைத்துப் போடப்பட்டது. மாடிக் குழாயை அதில் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு குடும்பம் ஒரு நாள் முழுக்க வெளியேற்றும் தண்ணீர் ஆயிரம் லிட்டருக்குள் இருக்கும். அந்த வீட்டு மாடி பெருமழையில் ஒரு மணி நேரத்தில் அதைப்போல் ஒன்பது மடங்கை அதே குழாயில் தள்ளும். தெருவில் இருபது வீடுகள் இப்படிச் செய்திருந்தால் குழாய் நிரம்பி, சாலையில் பாதாளச் சாக்கடை மூடி வழியாகப் பொங்கும். அப்புறம் மட்டம் தாழ்ந்த வீட்டின் கழிப்பறை வழியாக உள்ளேயே வரும். மாடியில் விழுந்த சுத்தமான தண்ணீர் மலத்தோடு கலந்து, அந்தத் தெருவிலேயே ஏழையின் தரைத்தள வீட்டுக்குள் போய் நிற்கிறது. சேர்த்துவிட்டவர் முதல் மாடியில் இருப்பார். அவருக்கு இது தெரியவும் தெரியாது.

உங்கள் வீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிது. வெயில் நாளில் ஒருவர் மாடி வாயில் ஒரு வாளித் தண்ணீரில் நீலம் கலந்து ஊற்றட்டும். இன்னொருவர் கீழே கழிவுநீர் சேம்பர் மூடியைத் திறந்து வைத்துப் பார்க்கட்டும். நீலத் தண்ணீர் அங்கே வந்தால் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு மாடி வாய்க்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்; பால்கனி, சன்ஷேடு, போர்டிகோ வாய்களையும் விடாதீர்கள்.

பிரிப்பது பெரிய வேலை அல்ல. மாடிக் குழாய் தரைக்கு வரும் இடத்தில் அதை வெட்டி, வளைவுக் குழாய்த் துண்டு வைத்துத் திருப்பி, படி 5, 6இல் சொல்லும் இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். கழிவுநீர் சேம்பரில் திறந்து நிற்கும் பழைய முனையை மூடி போட்டு ஒட்டிவிடுங்கள்.

எதிர்த்திசையும் முக்கியம். சமையலறை, வாஷிங் மெஷின், குளியலறைத் தண்ணீர் எதையும் மழைநீர் வடிகாலில் விடக் கூடாது. அது சட்டப்படி தவறு; அந்தத் தண்ணீர் நேராகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் போகிறது.

தரைத்தளக் கழிப்பறை, தெருவில் இருக்கும் பாதாளச் சாக்கடை மூடியைவிடத் தாழ்ந்திருந்தால், உங்கள் கடைசி சேம்பரில் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்று பொருத்துங்கள். உள்ளே இருக்கும் மடல் வெளியே போகும் தண்ணீருக்குத் திறந்து, உள்ளே வரும் தண்ணீருக்கு மூடிக்கொள்ளும். துணி, முடி, பிளாஸ்டிக் சிக்கினால் மடல் மூடாது, எனவே கை எட்டும் ஆழத்தில், திறந்து பார்க்கும் மூடியோடு வைக்க வேண்டும். அது மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுக் கழிவும் வெளியே போகாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

படி 5: சேமிப்பும் நிலத்தில் இறக்குவதும்

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அன்று அவசர அவசரமாக வெட்டிய குழிகள் பலவற்றில் இன்று வண்டல்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுக் குழி எங்கே என்று கண்டுபிடித்துத் திறந்து பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் சம்ப். மாடித் தண்ணீர் நல்ல தண்ணீர். மழைக்காலத்தின் முதல் சில மழைகளை வெளியே விட்டுவிட்டு, பிறகு வடிகட்டி வழியாகச் சம்ப்புக்குக் கொண்டு போகலாம். வடிகட்டிக்கு முன்னால் 'டீ' எனப்படும் T வடிவக் குழாய் இணைப்பு ஒன்றை வைத்து, அடியில் திருகு மூடி போட்டால் முதல் மழையின் அழுக்கை அங்கே எடுத்துவிடலாம். சம்ப் நிரம்பியபின் தண்ணீர் எங்கே போகும் என்பதற்கு மேல்வழிக் குழாய் கட்டாயம் வேண்டும். அந்தக் குழாய் மண்ணில் இறக்கும் கிணற்றுக்குப் போகட்டும்.

அடுத்து, மண். சென்னையில் எல்லா இடமும் ஒன்று போல் உறிஞ்சாது. சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர் எனக் கடலை ஒட்டிய பகுதி பெரும்பாலும் மணல். தண்ணீர் வேகமாக இறங்கும். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர் பக்கம் களிமண் அதிகம். கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரியில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை வந்துவிடும். ஆனால் ஒரே தெருவிலும் மாறும், அதனால் சோதித்துப் பாருங்கள். ஓரடிச் சதுரத்தில் இரண்டடி ஆழம் வெட்டி, ஒருமுறை தண்ணீர் நிரப்பி முழுவதும் இறங்க விடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஓர் அங்குலம் இறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் மேலாகக் குழி வெட்டிப் பயனில்லை; களிமண் அடுக்கைத் தாண்டி ஆழமாகப் போக வேண்டும்.

ஆழமான கிணறு என்றால் மூன்றடி விட்டக் கான்கிரீட் உறைகளைப் 15 அடி ஆழம்வரை இறக்குவது வழக்கம். அதன் கொள்ளளவு சுமார் 3,000 லிட்டர். அதற்குள் செங்கல்லும் ஜல்லியும் நிரப்பச் சொல்வார்கள், செய்யாதீர்கள். நிரப்பினால் பாதி இடம்கூட மிஞ்சாது. வண்டல் சேர்ந்தால் தூர் வாரவும் முடியாது. கிணற்றைக் காலியாக விட்டு, அதற்கு முன்னால் இரண்டடிச் சதுரத்தில் ஒரு வண்டல் தொட்டி கட்டி, அங்கேயே மண்ணையும் இலையையும் பிடித்துவிடுங்கள். மேலே கனமான, குழந்தை தூக்க முடியாத மூடி. அஸ்திவாரத்திலிருந்து 10 அடி தள்ளி இருக்கட்டும்; செப்டிக் டேங்க் பக்கமே போகக் கூடாது. இடம் நெருக்கடியான மனையில், பொறியாளரைக் கேட்காமல் அஸ்திவாரத்தை ஒட்டி வெட்ட வேண்டாம்.

வீட்டில் பழைய திறந்த கிணறு இருந்தால், அதைவிடச் சிறந்த ஏற்பாடு எதுவும் இல்லை. அதை மூடி வண்டி நிறுத்த இடம் எடுக்காதீர்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சேகரிப்புக் கிணறு கோடைத் தண்ணீருக்கு. வெள்ளத்துக்கு அது முழு மருந்து அல்ல. 22,300 லிட்டர் விழும் மணி நேரத்தில் 3,000 லிட்டர்க் கிணறு சீக்கிரமே நிரம்பிவிடும். கார்த்திகை மாதக் கடைசியில் நிலத்தடி நீரே மேலே வந்து நிற்கும்போது அது உறிஞ்சவே உறிஞ்சாது. எனவே கிணற்றிலிருந்தும் ஒரு மேல்வழிக் குழாய் தெரு வடிகாலுக்குப் போக வேண்டும்.

படி 6: தரையும் தெருவுக்குப் போகும் வழியும்

வீட்டுச் சுவரைச் சுற்றி முதல் ஐந்தடி, தண்ணீரைச் சுவரிலிருந்து விலக்கி ஓட்ட வேண்டும். அந்த ஐந்தடிக்குள் இரண்டு அங்குலம் வாட்டம் கொடுங்கள்.

காம்பவுண்டு ஓரமாக ஆறங்குல அகலத்தில் திறந்த வாய்க்கால் கட்டி, மேலே தூக்கி எடுக்கக் கூடிய ஜாலி போடுவது, மண்ணுக்குள் குழாய் புதைப்பதைவிட நல்லது. அடைத்தால் கண்ணுக்குத் தெரியும், துடைப்பத்தால் சரிசெய்யலாம். வண்டி ஏறும் இடம் போன்று, குழாய் போட்டே ஆக வேண்டிய இடத்தில் ஆறங்குலக் குழாயாகப் போட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சேம்பர் வையுங்கள். குழாய்க்கும் வாட்டம் 100க்கு 1. இடம் இல்லாவிட்டால் 150க்கு 1 வரை போகலாம். கடைசிச் சேம்பரின் அடி, வெளியேறும் குழாயைவிட ஓரடி தாழ்வாக இருக்கட்டும். மணல் அங்கே தங்கும், தெரு வடிகாலுக்குள் போகாது.

தெரு வடிகாலில் இணைக்க மாநகராட்சியின் அனுமதி பெற வேண்டும். பக்கவாட்டுச் சுவரை நீங்களாக உடைக்காதீர்கள். இணைப்பு, வடிகாலின் அடியில் இல்லாமல் மேல் பகுதியில் இருக்க வேண்டும். முனையில் ஒரு மடல் வால்வு வேண்டும். இல்லாவிட்டால் வடிகால் நிரம்பும்போது தெருத்தண்ணீர் அதே குழாய் வழியாக உங்கள் வீட்டுக்கு வரும்.

வீட்டு முன்னால் வடிகாலின் வாய் மண்ணால் மூடியிருந்தால் 1913க்குப் புகார் கொடுங்கள். அக்டோபருக்கு முன் கொடுத்தால் வேலை நடக்க வாய்ப்பு அதிகம். கட்டட வேலைக்கு வாங்கிய மணலையும் ஜல்லியையும் தெரு ஓரத்தில் கொட்டி வைப்பது அந்த வாயை அடைப்பதற்கு முக்கியக் காரணம். முதல் மழையிலேயே அது உள்ளே போய்விடும்.

தெருவில் தண்ணீர் நின்றால் பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கலங்கல் தண்ணீருக்கு அடியில் திறந்த குழி யாருக்கும் தெரியாது, ஆள் விழுந்து சாகிறார்கள். தவிர, அந்தத் தண்ணீர் கழிவுநீர்க் குழாயில் போய், தாழ்ந்த வீடுகளில் பொங்கும். அதேபோல், கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ சாக்கடைக்குள்ளோ எந்த மனிதரையும் இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. விஷவாயு நொடியில் உயிரை எடுத்துவிடும். இயந்திர வண்டியை வரவழையுங்கள்.

படி 7: தாழ்ந்த மனைக்குத் தடுப்பும் மோட்டாரும்

முதலில் வெளித்தண்ணீர் வரும் வழிகளை அடையுங்கள். கேட் வாசலில், வண்டி ஏறி இறங்கும்படி சரிவாக, தெருவைவிட ஆறங்குலம் உயர்த்தி ஒரு மேடு கட்டலாம். இன்னும் தேவைப்பட்டால் கேட் தூண்களில் இரும்புக் காடி வைத்து, மழை நாளில் மட்டும் பலகை செருகிக்கொள்ளலாம். சம்ப் மூடியைத் தரையிலிருந்து ஓரடி, முடிந்தால் ஒன்றரை அடி உயர்த்துங்கள். வெள்ளத்தில் சம்ப் தண்ணீர் கெட்டுவிட்டால் குடும்பமே தவித்துப்போகும்.

பிறகு உள்ளே. மனையின் மிகத் தாழ்ந்த மூலையில் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழத்தில் ஒரு குழி கட்டி, எல்லா வாய்க்காலையும் அங்கே கொண்டு வாருங்கள். அதில் அழுக்குத் தண்ணீருக்கான நீர்மூழ்கி மோட்டார், மிதவைச் சுவிட்ச், திரும்பாமல் தடுக்கும் வால்வு. மோட்டாரைக் குதிரைத்திறன் சொல்லி வாங்காதீர்கள். 'இத்தனை அடி உயரத்துக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும்' என்று கேட்டு வாங்குங்கள். மழைக் கணக்கில் வந்த அளவைப்போல் இரண்டு மடங்கு இருக்கட்டும்.

மிதவைச் சுவிட்ச்தான் அடிக்கடி காலை வாரும் பாகம். குழி குறுகலாக இருந்தால் மிதவை சுவரில் ஒட்டிக்கொண்டு மேலே எழாது. அதன் வயர் மோட்டார்க் குழாயில் சுற்றிக்கொள்ளும். மழைக்கு முன் குழியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மிதவை தானாக எழுந்து மோட்டார் ஓடுகிறதா, தண்ணீர் இறங்கியதும் நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

தெருவில் தண்ணீர் ஏறினால் மின்வாரியம் பாதுகாப்புக்காக இணைப்பைத் துண்டித்துவிடும். மோட்டார் தேவைப்படும் நேரத்தில் மின்சாரம் இருக்காது என்று எண்ணியே திட்டமிடுங்கள். இன்வெர்ட்டர் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், அல்லது சின்ன ஜெனரேட்டர் வையுங்கள். அதை வீட்டுக்குள் ஓட்டக் கூடாது. மீட்டர் பலகையையும் தரைத்தளப் பிளக்குகளையும் உயர்த்துவது, கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர் போடுவது ஆகியவற்றைத் தள்ளிப்போட வேண்டாம்.

படி 8: கடை, அலுவலகம், அடித்தளம்

வணிகக் கட்டடத்தில் ஆபத்து பெரும்பாலும் சாய்தளத்தில்தான். தெருவிலிருந்து அடித்தளத்துக்கு வண்டி இறங்கும் வழி தெரு மட்டத்திலேயே தொடங்கினால், தெருத்தண்ணீர் அத்தனையும் அங்கே இறங்கும். சாய்தளம் முதலில் தெருவிலிருந்து ஓரடியாவது ஏறி, அப்புறம் இறங்க வேண்டும். ஏறிய உச்சியில் முழு அகலத்துக்கும் ஜாலி போட்ட வாய்க்கால் ஒன்று. கீழே முடியும் இடத்தில் இன்னொன்று.

12 அடி அகலம், 50 அடி நீளம் உள்ள திறந்த சாய்தளத்தில் மணிக்கு 10 செ.மீ. மழையில் நிமிடத்துக்கு 93 லிட்டர் விழும். கீழ்க்குழியில் நிமிடத்துக்கு 200 லிட்டர் தள்ளும் மோட்டார் இரண்டு வையுங்கள், ஒன்று மாற்றுக்கு. வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி ஓட்டினால்தான் இரண்டும் உயிரோடு இருக்கும். இதைவிட நல்லது சாய்தளத்துக்கு மேல் கூரை போடுவது.

மின்பலகை, ஜெனரேட்டர், தீயணைப்பு மோட்டாரின் பலகை எதையும் அடித்தளத்தில் வைக்காதீர்கள். வைத்தாயிற்று என்றால் மேலே கொண்டு வர முடியுமா என்று முதலில் பாருங்கள். மழை எச்சரிக்கை வந்தால் லிஃப்டை மேல் தளத்தில் நிறுத்தி, இணைப்பை எடுத்துவிடுங்கள். அடித்தளத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கிய பிறகு வண்டியை எடுக்க யாரையும் கீழே அனுப்பாதீர்கள். காவலாளிக்கு இதை எழுதியே கொடுங்கள்.

தகரக் கூரைக் கிடங்குகளில், இரண்டு கூரைகள் சேரும் நடுவாய்க்கால் நிரம்பினால் தண்ணீர் சரக்கின் மேல்தான் கொட்டும். அந்த வாய்க்காலின் இரண்டு முனைகளிலும் வெளியே வழியும் வாய் வெட்டி வையுங்கள். உணவகம் என்றால் எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டியைத் தாண்டிய தண்ணீரும் கழிவுநீர்க் குழாய்க்குத்தான் போக வேண்டும், மழைநீர் வடிகாலுக்கு அல்ல. வண்டி கழுவும் இடத்துக்கும் இதேதான்.

வாடகைக்குக் கடை விட்டிருக்கும்போது மாடியை யார் பெருக்குவது என்று யாருக்கும் தெரியாது. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள், ஒரு பெயரைப் போடுங்கள். கிழிந்த ஃபிளக்ஸ் பேனரை மாடியில் போட்டு வைப்பதை அறவே நிறுத்துங்கள். காற்றில் பறந்து வந்து நேராகத் தண்ணீர் வாயில்தான் படுக்கும்.

படி 9: பராமரிப்பு

ஆவணியில் வண்டல் தொட்டிகள், வாய்க்கால், சேகரிப்புக் கிணறு ஆகியவற்றைத் தூர் வாருங்கள். மடல் வால்வுகளைத் திறந்து கழுவுங்கள். புரட்டாசியில் மாடியைப் பெருக்கி, மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறையும், எச்சரிக்கை வந்த நாளில் மாலையிலும் மாடி வாய்களைப் பார்ப்பது போதும். மழை கொட்டும்போது, இடி இருக்கும்போது மாடிக்கு ஏறாதீர்கள்.

தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் முதலில் மெயின் சுவிட்ச், பிறகு மற்றவை. வடிந்தபின் சம்ப்பை முழுவதும் காலி செய்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி விட்டே நிரப்புங்கள். கொஞ்ச நாளைக்குக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்று சுவரில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டின் உயரத்தைப் படி 1இல் வரைந்த தாளிலும் குறித்து, அந்தத் தாளைக் கழிவுநீர், மழைநீர்க் குழாய்கள் இரண்டு நிறத்தில் தெரியும்படி நகல் எடுத்து, மீட்டர் பெட்டிக்குள் ஒன்றும் வீட்டுப் பத்திரங்களோடு ஒன்றும் வையுங்கள். அடுத்த முறை பிளம்பரோ மேஸ்திரியோ வரும்போது உடைப்பதற்கு முன் அதைக் காட்டுங்கள்.